குறைந்தபட்சத் திணிவு

இன்ஸ்பெக்டர் சுவரில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக்கூட்டி வாசித்தார். “க… ரு…” அதோடு நின்றுவிட்டார்.

“களு கொட்டி?” என்றார். கரும்புலியா என்று சிங்களத்தில் கேட்கிறார்.

றஞ்சிதம் ரீச்சருக்குக் கோபம் உச்சியில் ஏறியது. உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிற வீடு அது. தாளில் இருந்தது ‘கருந்துளையின் திணிவு’.

“கரு எண்டு தொடங்கினால் எல்லாம் புலியோ? குசினியில கருவாடும் கிடக்கு. அதையும் பிடிச்சுக்கொண்டு போங்கோ.”

வாசலில் நின்ற பொலிஸ்காரன் துவக்கை மாற்றிப் பிடித்தான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மட்டக்களப்பில் கடமை செய்தவர், தமிழ் விளங்கும்.

கொழும்பு வெள்ளவத்தையில் அன்று ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடுதல். பொலிஸ் பதிவில் இல்லாத ஆள் அகப்பட்டால் வீட்டுக்காரரும் சேர்ந்தே ஜீப்பில் ஏற வேண்டும். ரீச்சர் வீட்டுப் பதிவில் ஒரே பெயர். “நான் தனிய” என்று வாசலிலேயே சொல்லியாயிற்று.

அதற்கு மேல், ஒரு பாடப்புத்தகச் சொல்லுக்கும் தன் வீட்டுக்குள்ளேயே சமாதானம் சொல்ல வேண்டுமா?

சரி, சொல்லியே விடுவோம் என்று சாமான் அறைக் கதவடியிலிருந்து சுவருக்கு வந்தார்.

“நீங்கள்தான் பூமி. அசையாதேங்கோ.”

இன்ஸ்பெக்டர் அசையவில்லை.

வானத்தில் இரண்டு சோடியாகச் சுற்றுகின்றன. ஒன்று விண்மீன்; தெரியும். மற்றது கருந்துளை, தெரியாது. வெளிச்சத்தையே வெளியே விடாது. தெரியாததன் திணிவை எப்படி நிறுப்பது? தெரிவதைப் பார்த்துத்தான்.

கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. ரீச்சர் விறுவிறென்று ஜன்னலுக்குப் போய்க் கையை நீட்டினார். வரும்போது கூவல் கீச்சென்று இருந்ததா? கடந்ததும் தடித்துவிட்டதா? விண்மீனின் வெளிச்சமும் அப்படித்தான். நம்மை நோக்கி வந்தால் ஒரு துளி நீலப் பக்கம் சாயும், விலகினால் சிவப்புப் பக்கம். தனியே இருக்கிற விண்மீன் இப்படி மாறி மாறிச் சாயாது.

சொல்லிக்கொண்டே கதவடிக்குத் திரும்பியிருந்தார்.

“அது என்ன வேகத்தில ஆடுது, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் எண்டு பார்த்தால், பக்கத்தில மறைஞ்சிருக்கிறதின்ர பாரத்தைப் பிடிக்கலாம்.”

“சரியா எவ்வளவு?” இன்ஸ்பெக்டர் கேட்டார்.

வகுப்பில் ஒருவரும் கேட்காத கேள்வி. அந்தக் கோபத்துக்குள்ளும் ரீச்சருக்குச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. மறுபடி சுவருக்குப் போய், சுற்றும் பாதை நம் பார்வைக்குச் சாய்ந்து கிடக்கும் விதத்தை விரலால் வரைந்து காட்டினார். எவ்வளவு சாய்வு என்று தெரியாதவரை சரியான எண் வராது. குறைந்தது இவ்வளவு என்று மட்டும் அடித்துச் சொல்லலாம்.

மறுபடி கதவடி.

இன்ஸ்பெக்டர் தாளைப் பார்க்கவில்லை. சுவரிலிருந்து கதவுக்கு, ஜன்னலிலிருந்து கதவுக்கு, ரீச்சர் நடந்த நடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கதவுக்குப் பின்னால், அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில், வவுனியாவிலிருந்து பயணப் பாஸ் இல்லாமல் வந்த தம்பி.

“விளங்கிட்டுது டீச்சர்,” என்றார் இன்ஸ்பெக்டர். “குறைஞ்சது ஒரு ஆள். நேத, அப்பிடித்தானே?”