அக்கா சாப்பிடவில்லை

வைரஸ் எப்படிப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று ஆராயும் அந்த ஆய்வகத்தில் ஒரு குடுவைக்கு ‘அக்கா’ என்று பெயர். ஆராய்ச்சி செய்பவளின் இறந்துபோன அக்காவின் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் அதில் வளர்கின்றன. செல்கள் சாப்பிட்டால் சிவப்புத் திரவம் மஞ்சளாகும்.

இன்று எல்லாக் குடுவையும் மஞ்சள். அக்கா மட்டும் சிவப்பு.

“ஏன் சாப்பிடலைன்னு தெரியல மேடம்,” என்றார் உதவியாளர். “உங்க அக்காவுக்கு இருந்த அதே வைரஸ் உங்களுக்கும் இருக்குன்னு நேத்து ரிசல்ட் வந்ததுலேருந்து நீங்களும்தான் பச்சைத் தண்ணி பல்லுல படாம இருக்கீங்க.”

தங்கை சாப்பிடாமல் அக்கா ஒருநாளும் சோற்றில் கை வைத்ததில்லை.

அவள் வெளியே போய், ஒரு ரொட்டியைப் பிட்டுப் பிட்டு விழுங்கினாள். பாதிக்கு மேல் தொண்டையில் இறங்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் உதவியாளர் குடுவையைத் தூக்கிக் காட்டினார். சரிபாதிவரை மஞ்சள், மேலே சிவப்பு.

அவள் கையில் மீதி ரொட்டி இருந்தது.