மதிலுக்கு மேலே ஒரு கைக்குட்டை

வர்ஜீனியாவின் சின்னச் சிறையில் ஞாயிற்றுக்கிழமை வெயில் ஜன்னல் கம்பிவரை வந்து நிற்கிறது. உரிமமில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக அடைபட்டிருக்கும் பாப்டிஸ்ட் போதகர் எல்கானா, எதிரே எழும்பியிருக்கும் புது மதிலைப் பார்க்கிறார். ஜன்னல் வழியாக அவர் பேசுவதைக் கேட்கக் கூட்டம் சேர்ந்ததால் கட்டிய மதில்; சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. சிறைக்காவலர் பர்வெல் ஒரு காகிதத்தை நீட்டுகிறார். “இனிமே பிரசங்கம் பண்ணமாட்டேன்னு கையெழுத்துப் போடுங்க ஐயா. மத்தியானம் வீட்டுலயே சாப்பிடலாம்.” “மதிலைக் கட்டச் சொன்ன நீதிபதிதானே, இங்கிலாந்து ராஜாகிட்டேருந்து சுதந்திரம் வேணும்னு நேத்து சந்தையில முழங்கினாரு?” “அது அரசாங்க விஷயம். இது சாமி விஷயம்.” “அதத்தான் நானும் சொல்றேன், பர்வெல். சாமி விஷயத்துல அரசாங்கத்துக்கு என்ன வேலை?” மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுகிறார்கள், ஒரு குழந்தை சிணுங்குகிறது. பிறகு ஒரு கம்பு மெல்ல மேலெழுகிறது, நுனியில் கைக்குட்டை. கூட்டம் வந்துவிட்டது, தொடங்கலாம் என்று அடையாளம். போதகர் தொண்டையைச் செருமுகிறார். பர்வெல் கைக்குட்டையையே பார்க்கிறார். ஓரமெல்லாம் நீலப் பூவேலை. தங்கை வீட்டுக்கென்று சொல்லிவிட்டு, காலையில் அவர் மனைவி லெட்டிஸ் கழுத்தில் கட்டிக்கொண்டு போனது. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைக்குள் செருகுகிறார். “கொஞ்சம் சத்தமாவே பேசுங்க ஐயா. லெட்டிஸுக்கு ஒரு காது கேக்காது.”