ஏட்டையா என்கிற கோழி

செய்யாத திருட்டுக்குக் கைது செய்து பொய் வழக்குப் போட்ட போலீஸார்மீது என் கணவர் மாசிலாமணி நஷ்டஈடு கேட்டிருந்தார். தீர்ப்பைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் அவருக்குப் பதிலாக நான் கூண்டில் ஏறினேன். “ஜெயிலுக்குப் போய் வந்த பிறகு அவர் சிரிச்சதே இல்லைன்னு சொல்லுங்கம்மா, கேஸே அதுலதான் நிக்குது” என்று எங்கள் வக்கீல் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அரசு வக்கீல் எழுந்தார். “ஜெயில்ல இருந்து வந்தப்புறம் உங்க வீட்டுக்காரர் கோழி வளர்த்து, அதுங்களுக்குப் போலீஸ் பேரா வெச்சாராமே?”

“ஆமாங்க. ‘ஏட்டையா இன்னிக்கும் டூட்டிக்கு வரல, அடை காக்குறாரு’ன்னு காலையிலேயே ஆரம்பிச்சிருவாரு. நான் சிரிக்கிற சிரிப்புல அடுப்புல பால் பொங்கி வழிஞ்சிரும்.”

நீதிபதி உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தார். எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

“அப்போ மனுஷன் சந்தோஷமாத்தான் இருந்திருக்காரு.”

“என்னைச் சந்தோஷமா வெச்சிருந்தாருங்க. தெருவுல ஜீப் சத்தம் கேட்டா மட்டும் பேச்சு நின்னுரும். என் கையை இறுக்கிப் பிடிச்சுக்குவாரு. ஜீப் தாண்டிப் போனதும் மெதுவா விட்டுட்டு, ‘பாவம், கோழிங்க பயந்துருச்சு’ம்பாரு.”