அவர் போடாத மார்க்

“அத்தா பேரு மூஸான்னு சொன்னேம்மா. சொன்ன உடனே நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்துட்டாரு!”

சென்னையிலிருந்து கூத்தாநல்லூர் வந்து இறங்கியும் தஹ்மீனாவுக்குப் படபடப்பு அடங்கவில்லை. துணை கலெக்டர் வேலைக்கான நேர்முகத் தேர்வு. வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் இன்னொரு முறை கிடையாது.

“யாரு எழுந்தது?” என்றார் தந்தை மூஸா.

“தேர்வாணைய மெம்பர் அத்தா. கேள்வி கேட்ட நாலு பேர்ல ஒருத்தர். ரெண்டு விவசாயிக்குள்ள வாய்க்கால் தகராறு, அதிகாரியா என்ன செய்வீங்கன்னு ஒரு மேடம் கேட்டாங்க. கோர்ட்டுல நடக்குற நம்ம வாய்க்கால் வழக்கையே உதாரணமாச் சொன்னேன். அந்த மெம்பர் நிமிர்ந்து பார்த்து, எந்த ஊரு, அப்பா பேரு என்னன்னாரு. சொன்னேன். தலைவர் காதுல ஏதோ சொல்லிட்டு வெளியே போயிட்டாரு.”

“தலைவர் ஒண்ணும் சொல்லலையா?” என்றாள் தாய் மெஹராஜ் பேகம்.

“‘அவர் உங்களுக்கு மார்க் போட மாட்டாரும்மா, நீங்க மேல சொல்லுங்க’ன்னாரு. அப்புறம் கேட்டதுக்கெல்லாம் ஏதோ சொல்லிட்டு வந்தேன்.”

மெஹராஜ் பேகத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“பேரைக் கேட்டதுமே கசக்குதாமா அந்தாளுக்கு?” மூஸா கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

மெஹராஜின் தம்பி அஸார் உடனே செல்போனை எடுத்தான். ஊரில் யாருக்கு என்ன காரியம் ஆகவேண்டுமென்றாலும் அஸாருக்கு மேலிடத்தில் ஓர் ஆளைத் தெரியும். காரியம்தான் இதுவரை ஆனதில்லை.

“மந்திரியோட பி.ஏ. நம்ம ஆளு மச்சான். ஒரு போன் போதும். இவளுக்கு மார்க்கும் வரும், அந்தாளு பதவியும் போகும்.”

“மந்திரி எப்படி மாமா சொல்ல முடியும்? தேர்வாணையம் யாருக்கும் கட்டுப்பட்டது இல்லையே?”

“அதெல்லாம் நீ பரீட்சையில எழுதுறதுக்கும்மா.”

“போடு போனை!” என்றார் மூஸா.

தஹ்மீனா தடுத்திருக்கலாம். பட்ட அவமானம் அவள் வாயைக் கட்டிப்போட்டது. அஸார் மெம்பரின் பெயரைக் கேட்டபோது, தேர்வாணையத்தின் இணையப் பக்கத்தைத் தன் போனில் திறந்து, அங்கிருந்த படத்தைக் காட்டினாள்.

“இவர்தான் மாமா. புதுசா வந்தவராம். பேரு வேதநாயகம்.”

மூஸா எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது.

“குத்தாலத்தான்!”

வாய்க்கால் வழக்கின் எதிராளிக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர். குத்தாலத்துக்காரர், இந்தப் பக்கம் நிலம் வாங்கியவர். வெளியூரில் பேராசிரியர் வேலை என்பதால் கோர்ட்டுக்கு வக்கீல்தான் வருவார். தஹ்மீனா அவரைப் பார்த்ததும் இல்லை, நிஜப் பெயரைக் கேட்டதும் இல்லை. போன குறுவை சாகுபடியில் வாய்க்காலை அடைத்து அவர் பயிரைக் காயவிட்டது மூஸாதான்.

“அப்ப பழி வாங்கிட்டான் மச்சான்!” அஸார் எண்களை அழுத்தினான்.

தஹ்மீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைவர் சொன்னது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

“இல்ல மாமா. பழி வாங்கணும்னா அவர் உட்கார்ந்துல்ல இருந்திருக்கணும்? எனக்கு முட்டை போட அவர் கையில பேனா இருந்துச்சே! பகையாளி மகளுக்கு நான் மார்க் போடக் கூடாதுன்னுதான் அவர் எழுந்து போயிருக்காரு.”



அஸாரின் போனில், “ஹலோ, மந்திரி ஆபீஸ்” என்றது ஒரு குரல்.

மூஸா அதைப் பிடுங்கி அணைத்தார்.  மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“அந்த நாற்காலியில நானும், எதிர்ல அவரு மகளும் இருந்திருந்தா… நான் எழுந்திருச்சிருக்க மாட்டேன்மா.”