ஒட்டாத படலம்

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் அப்பாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே தேவசேனா உடைந்துபோய் உட்கார்ந்தாள். சர்க்கரைப் புண்ணில் கிருமி அண்டாமல் ஒட்டும் படலம், அவளே ஆய்வகத்தில் செய்தது. வாராவாரம் சென்னையிலிருந்து அனுப்பினாள்.

"என் மருந்து கேக்கலையேப்பா!"

"மருந்தைச் சொல்லாதேம்மா. நான் ஒட்டிக்கவே இல்லை."

"ஏம்பா?"

"இறால் ஓட்டுலேர்ந்து செய்யறதா உன்னைப் பத்திப் பேப்பர்ல வந்துதே. அதைக் கால்ல ஒட்டிண்டு சுவாமிக்கு எப்படிச் சமைப்பேன்? உன் மனசு நோகுமேன்னு சொல்லலை."



அவருக்கு மட்டும் புளியங்கொட்டையில் தனியாகச் செய்திருந்தாள். இறால் பேச்சே அவர் காதில் விழவேண்டாமென்று அதைச் சொல்லாமல் இருந்துவிட்டாள்.

இப்போதும் சொல்லவில்லை.