பந்திச் சோறு

"மடியில இன்னாடி?"

தாண்டவராயன் போட்ட சத்தத்தில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த கைகூட நின்றுவிட்டது.

இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தது வேறு யாரும் இல்லை, அவர் கூடப்பிறந்த ஒரே தங்கை சொக்கம்மாள். ஒவ்வொரு கவளத்தையும் வாய்வரைக்கும் கொண்டுபோய், அப்படியே முந்தானைக்குள் தள்ளுவதை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

"ஒண்ணும் இல்லண்ணே..."

முந்தானையைப் பிடித்து இழுத்தார். சாம்பார் சோறு பாயெல்லாம் சிதறியது. எதிர்வரிசையில் இருந்த சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"கேட்டா தூக்கு நெறையப் போட்டுக் குடுத்திருக்க மாட்டேன்? எம்பொண்ணு கல்யாணத்துலதான் உன் திருட்டுப் புத்தியக் காட்டணுமா? பிச்சைக்காரிகூட கேட்டு வாங்குவாடி!"

சொக்கம்மாள் சிதறியதை ஒரு பருக்கை விடாமல் பொறுக்கிக்கொண்டு, முந்தானையால் வாயை மூடியபடி வெளியே போய்விட்டாள்.

தாண்டவராயன் அவமானத்தை மறக்கிற ஆள் இல்லை. வெற்றிலைத் தட்டைத் தனக்கு முன்னால் வேறொருத்தருக்கு நீட்டினார் என்று சொந்தச் சித்தப்பா சாகும்வரை அவரோடு பேசாதவர். மறுவீட்டு விருந்தில் சம்பந்தியம்மா, "உங்க தங்கச்சிக்கு ஒரு கேரியர் கட்டித் தரட்டுங்களா?" என்று சிரிக்காமல் கேட்டாள். மறுநாளே அவர் தங்கை ஊரான திருப்புலிவனத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். 'நீ செத்தா நான் வரமாட்டேன். நான் செத்தா நீ வராதே. இன்னியோட அறுந்துச்சு.'

தங்கை வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். பாக்கியமேரி என்று பெயர். காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள்.

சொக்கம்மாளுக்குக் கன்னத்தின் உள்பக்கம் புற்று வந்ததும், ஆஸ்பத்திரியில் கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்துக் கட்டியைக் கரைத்ததும் தாண்டவராயனுக்குத் தெரியும். "இப்ப நல்லாகீறேண்ணே" என்று அவளேதான் சொல்லியிருந்தாள். அதோடு அவர் அதை மறந்துவிட்டார்.

"வாண்ணே, ஒக்காரு."

அவர் உட்காரவில்லை. நர்ஸ் போகட்டும் என்று வாசற்படியிலேயே நின்றார்.

நர்ஸ் சொன்னாள். "கட்டி கரைஞ்சது எங்களுக்குத் தெரியும்மா. அதுக்கப்புறம் நீங்க எப்படி இருக்கீங்கன்னு டாக்டர் கேட்டுட்டு வரச் சொன்னார். நோவுக்கு முந்தி இருந்தது முழு ரூபாய், பதினாறணான்னு வெச்சிக்குங்க. இப்ப எத்தனை அணா இருக்கும்? தூக்கம்?"

"எட்டணா."

"வேலைவெட்டி?"

"நாத்து நடக் குனிஞ்சா கிறுகிறுன்னு வருது. ஆறணா போட்டுக்கோ."

"சாப்பாடு?"

"அது செல்லாக்காசு, நர்சம்மா."

'திருடத் தெரியுது, திங்கத் தெரியலியாக்கும்' என்று தாண்டவராயன் மனசுக்குள் கறுவினார்.

"வாயைத் திறங்க, பாக்கலாம்."

நர்ஸ் டார்ச் அடித்தாள். அவர் நின்ற இடத்திலிருந்தே எல்லாம் தெரிந்தது. கரண்ட் பட்டதில் நாக்கும் கன்னமும் தோல் உரிந்து ரணமாகக் கிடந்தன. நடுநடுவே வெள்ளைவெள்ளையாகப் புண்.

"கஞ்சியாவது எறங்குதா?"

"ஆறவெச்சி, துணியில வடிகட்டி, உப்பு இல்லாம ரெண்டு மொடக்கு. எச்சியே ஊறமாட்டுது. சோத்த வெச்சா மண்ண வெச்சாப்புல கீது. காரம் பட்டா உசுரே போவுது."

தாண்டவராயனால் அடக்க முடியவில்லை.

"அப்ப அன்னிக்கிக் கட்டிக்கினு வந்தது யாருக்குடி?"

"யாருக்கும் இல்லண்ணே. கோழிக்குத்தான் போட்டேன்."

"திங்க முடியாதவ எதுக்குடி எலையில ஒக்காந்த?"

சொக்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒக்காராம வந்தா, கூடப்பொறந்தவளே கை நனைக்கலன்னு ஊரு பேசும். அப்பிடியே வெச்சிட்டு எய்ந்தா, எதுருலயே சம்மந்தி வூட்டுக்காரங்க. சமையலு வாயில வெக்க வெளங்கலன்னு நெனச்சிப்பாங்க. எல காலியானாப் போதும்னுதான்..."

"அத அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"பொண்ணு கய்த்துல தாலி ஏறின ஈரம் காயல. அங்க போயி புத்துநோவுன்னு வாயெடுக்கலாமாண்ணே?"

பஸ்ஸில் சொல்லிப் பார்த்த பேச்சில் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தாண்டவராயன் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நர்ஸ் கடைசியாகக் கேட்டாள். "மனசு எப்படிம்மா இருக்கு? அது எத்தனை அணா?"

சொக்கம்மாள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் புண் வாயோடு சிரித்தாள்.

"இன்னிக்கி முழு ரூபாயும் போட்டுக்கோ, நர்சம்மா. நான் எப்பிடிகீறேன்னு பாக்க, எங்கண்ணன் வேலையெல்லாம் வுட்டுட்டு பஸ்ஸேறி வந்துகீறாரு!"