பொருந்திய முகம்

சென் ஜேம்ஸ் ரவுண் வீட்டுக்கு வந்த அலெக்ஸாண்டர் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் சாய்ந்தார். கனடாவின் ஆதிக்குடிகள் தங்கள் கதைகளைத் தாங்களே படமாக்கும் கொம்பனி ஒன்றில் நடிகர் தேர்வுக்குப் போயிருந்தார்.

"எடுத்திட்டினமே?" என்று மனைவி றஜிதா கேட்டாள்.

"ஓம். அவையின்ர பழைய தலைவர் ஒருத்தரின்ர வேசம்."

"பிறகேன் முகம் சோர்ந்து கிடக்கு?"

"இன்னொருத்தரும் அந்த வேசத்துக்கு நிண்டவர். அவருக்கு ஆதிக்குடி முகம் இல்லையெண்டு, படத்தை வாங்கிற ரீவிக்காரர் கழிச்சுப்போட்டினம்."

"பாவம். அவரும் எங்கட தமிழ் ஆளோ?"

"இல்லை. அந்தத் தலைவரின்ர சொந்த மகன். கொம்பனியும் அவரின்ரதான்."

அலெக்ஸாண்டர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"பின்னேரம் முழுக்க, தன்ர தகப்பன் எப்பிடி நடப்பாரெண்டு எனக்கு நடந்து காட்டினவர்."